என்ஜின் நின்றால் போதுமா?

மாணவர்களே, சனிக்கிழமை காலையில் கியா பார்ம் பக்கம் வந்திருக்கிறீர்களா? சந்தைக் கடைகளில் ஸ்ட்ராபெரியும் சோளமும் அடுக்கி முடிப்பதற்குள் பனிமூட்டம் மெல்ல விலகும். கார்களின் ஒலியோடு இன்னோர் ஒலியும் கேட்கும். விடுதிகளின் முன்புறத்திலும் பள்ளித் திடலிலும் யாராவது புல் வெட்டிக்கொண்டிருப்பார்கள். நான்கு சக்கரம், மேலே சிறிய பெட்ரோல் என்ஜின், பின்னால் நீளமான கைப்பிடி. தள்ளிக்கொண்டே நடந்தால் புல் சீராக வெட்டுப்படும். பார்ப்பதற்குக் குழந்தை வண்டியைத் தள்ளுவதுபோல அவ்வளவு சாதுவாக இருக்கும்.

நான் படிவம் மூன்றில் படித்தபோது என் மாமாவும் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன். ஒரு நாள் முதல்நாள் மழையில் நனைந்த புல் இயந்திரத்தின் அடியில் திரண்டு அடைத்துக்கொண்டது. என்ஜின் திணறி நின்றது. மாமா இயந்திரத்தைச் சாய்த்து அடியில் கையை விட்டார். “கையை விடலாமா மாமா?” என்று கேட்டேன். “அதான் நின்னுபோச்சே. டார்ச்சை நல்லா காட்டு” என்றார். அடைத்திருந்த புல்லைப் பிடுங்கிவிட்டுக் கத்தியைக் கையால் சுற்றினார். என்ஜின் ஒரே ஒரு முறை ‘டப்’ என்றது. அவர் வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் அன்றோடு போயின.

நின்றுபோன என்ஜின் எப்படி வெட்டியது? அன்று எனக்கு விடை தெரியவில்லை. அறிவியல் ஆசிரியராகிப் பாடம் நடத்தத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. விடை உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இயக்க ஆற்றல், மின்காந்தத் தூண்டல், வளிமண்டல அழுத்தம் என்று நீங்கள் தேர்வுக்காகப் படிக்கும் அத்தனையும் இந்தச் சிறிய இயந்திரத்தில் வேலை செய்கின்றன.

வெட்டுவதில் இரண்டு வழிகள்

முதலில், புல் எப்படி வெட்டுப்படுகிறது என்று பார்ப்போம். கியா பார்மிலிருந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் கொழுந்து வெட்டும் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். தேயிலை வரிசையின் இரு பக்கமும் ஆளுக்கு ஒருவராக நின்று, இருவர் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அதில் பற்கள் உள்ள இரண்டு நீண்ட தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசியபடி இப்படியும் அப்படியும் நகரும். இரண்டு பற்களுக்கு நடுவே சிக்கிய கொழுந்து வெட்டுப்படும். காற்றுவிசிறி அதைப் பின்னாலிருக்கும் பைக்குள் ஊதித் தள்ளும். இது கத்தரிக்கோல் முறை. இரண்டு விளிம்புகள் சேர்ந்து வெட்டுவதால் கத்தி மிக வேகமாக ஓட வேண்டியதில்லை.

உலகின் முதல் புல்வெட்டும் இயந்திரமும் கத்தரிக்கோல் முறையில் பிறந்ததுதான். இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங், துணி ஆலையில் கம்பளித் துணியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நூல்முனைகளைச் சீவும் உருளை இயந்திரத்தைப் பார்த்தார். துணியைச் சீவும் உருளை புல்லையும் சீவாதா என்று யோசித்து, 1830-இல் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கோல்ப் திடல்களில் குழியைச் சுற்றியுள்ள மிகக் குட்டையான புல்லை இன்றும் உருளைக் கத்தியால்தான் வெட்டுகிறார்கள்.

நாம் தள்ளிக்கொண்டு நடக்கும் பெட்ரோல் இயந்திரம் வேறு வகை. இதில் ஒரே ஒரு கத்தி தரைக்கு இணையாக, விசிறி இறக்கைபோலச் சுழல்கிறது. எதிரே இன்னொரு விளிம்பு கிடையாது. அப்படியானால் புல் ஏன் வளைந்து கொடுத்துத் தப்பிக்கவில்லை? நிலைமம்தான் காரணம். கத்தி வரும் வேகத்தில், புல் வளைவதற்கு முன்பே அடி விழுந்து அறுந்துவிடுகிறது. அரிவாளை ஓங்கி வீசிப் புல் அறுப்பதும் இதே தத்துவம்தான். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் 1952-இல் இப்படிப்பட்ட இயந்திரம் ஒன்றைத் தம் வீட்டில் உருவாக்கினார். முதல் மாதிரிக்கு அவர் பெட்ரோல் தொட்டியாக வைத்தது பீச் பழம் வந்த தகர டப்பா! அந்த ‘விக்டா’ இயந்திரம் பின்னர் ஆஸ்திரேலியா முழுவதும் பரவியது.

ஆக, இந்த வகை இயந்திரத்துக்கு வேகம்தான் உயிர். ஆபத்தும் அந்த வேகத்திலிருந்தே வருகிறது.

கத்தியின் வேகம் எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கத்தியின் நீளம் 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் நுனி ஒரு சுற்றில் கடக்கும் தூரம் சுமார் 1.57 மீட்டர். என்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் ஒரு விநாடிக்கு 50 சுற்று. 1.57-ஐ 50-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 78 மீட்டருக்கு மேல் வரும். மணிக்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் காருக்கு அனுமதிக்கப்படும் அதிகபட்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். கத்தி நுனி அதைப்போல இரண்டரை மடங்கு வேகத்தில் உங்கள் கால் பெருவிரலுக்கு ஓரடி முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

புல்லுக்குள் ஒரு சின்னக் கல் கிடக்கிறது, எடை வெறும் 10 கிராம் என்று கொள்வோம். கத்தி அதை விநாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் எறிந்தால், அதன் இயக்க ஆற்றல் 24.5 ஜூல். ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து ஒருவர் மீது போட்டால் எவ்வளவு ஆற்றலோ அவ்வளவு. அதுவும் ஒரு கோலிக்குண்டு அளவு இடத்தில் வந்து படும். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விலகிக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்களா? கண் பார்த்து, மூளை உணர்ந்து, தசை அசைவதற்குச் சுமார் 0.2 விநாடி ஆகும். அதற்குள் அந்தக் கல் 14 மீட்டர் கடந்துவிடும். அதனால்தான் வேலையைத் தொடங்கும் முன் திடலை ஒருமுறை நடந்து பார்த்து, கல், கம்பி, டின், விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் பொறுக்கிவிட வேண்டும். கோத்தோங் ரோயோங் நாளில் ஒருவர் புல் வெட்டும்போது மற்றவர்கள் அதே திடலில் குப்பை பொறுக்கக் கூடாது. முதலில் பொறுக்குங்கள், எல்லோரும் விலகிய பிறகு வெட்டட்டும். சிறு பிள்ளைகள் வீட்டுக்குள் இருப்பதே நல்லது. புல் வெளியே வரும் திறப்பை மூடும் தடுப்பையும் கழற்றிவிடாதீர்கள். கல்லைத் தரைப் பக்கம் திருப்பிவிடுவது அதுதான்.

கைப்பிடியில் இருக்கும் காவலாளி

கைப்பிடியை ஒட்டி ஒரு வளைந்த கம்பி இருக்கும். அதைக் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்திருக்கும்வரைதான் கத்தி சுழலும். கை நழுவினாலோ, சறுக்கி விழுந்தாலோ கம்பி விடுபட்டு இயந்திரம் நின்றுவிடும். அமெரிக்காவில் 1982-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பிடியை விட்ட 3 விநாடிக்குள் கத்தி நிற்க வேண்டும்.

மூன்று விநாடி மிகக் குறைவான நேரம்தானே என்று தோன்றும். ஆனால் விநாடிக்கு 50 சுற்றிலிருந்து சீராகக் குறைந்து மூன்றாவது விநாடியில் கத்தி நிற்கிறது என்றால், சராசரி விநாடிக்கு 25 சுற்று. அந்த மூன்று விநாடியில் அது இன்னும் 75 முறை சுற்றியிருக்கும். என்ஜின் ஒலி அடங்கியதைக் காது சொல்லும். கத்தி அடங்கியதைக் காதால் அறிய முடியாது.

இந்தக் கம்பியைச் சிலர் ராஃபியா கயிற்றாலோ கட்டுக்கம்பியாலோ கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவைப்பார்கள். கை வலிக்கிறதாம்! என் மாமாவின் இயந்திரத்திலும் அது கட்டப்பட்டிருந்தது. அப்படிக் கட்டியதால் அவர் எதை இழந்தார் என்று பாருங்கள்.

பேட்டரியே இல்லாமல் தீப்பொறி

காரைப்போல இந்தச் சிறிய என்ஜினுக்குப் பெரும்பாலும் பேட்டரி கிடையாது. கயிற்றை இழுத்தால் ஓடத் தொடங்குகிறது. அப்படியானால் ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறிக்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

என்ஜினின் மேல்மூடிக்குள் பிளைவீல் என்ற கனமான சக்கரம் இருக்கிறது. அதன் விளிம்பில் காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கும். பக்கத்திலேயே செப்புக் கம்பிச் சுருள். சக்கரம் சுற்றும்போது காந்தம் சுருளைக் கடந்து போகிறது. சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. அந்த மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தப்பட்டு, பிளக்கின் முனையில் பொறியாகத் தெறிக்கிறது.

இப்போது கவனியுங்கள். பிளைவீல் எந்தத் தண்டின் மேல்முனையில் இருக்கிறதோ, அதே தண்டின் கீழ்முனையில்தான் கத்தி இருக்கிறது. பிஸ்டனும் அதே தண்டோடுதான் இணைந்திருக்கிறது. நடுவில் வேறு எதுவும் இல்லை. ஆகவே கத்தியைக் கையால் சுற்றுவதும் கயிற்றை இழுத்து என்ஜினைக் கிளப்புவதும் ஒரே வேலைதான். கத்தி திரும்பினால் பிஸ்டன் ஏறும்; உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியும் காற்றும் அழுத்தப்படும்; பிளைவீல் காந்தம் சுருளைக் கடக்கும். வேகம் போதுமானதாக இருந்தால் பொறி தெறிக்கும். சூடாக இருக்கும் என்ஜினுக்கு அந்த ஒரு பொறி போதும்.

கைப்பிடிக் கம்பியை விட்டால் பொறி உண்டாகாமல் இணைப்பு தடுக்கப்படும். பிளைவீலை ஒரு பிரேக்கும் பிடித்துக்கொள்ளும். மாமாவின் இயந்திரத்தில் கம்பி கட்டப்பட்டிருந்ததால் இரண்டுமே நடக்கவில்லை. என்ஜின் நின்றது புல் அடைத்ததால்தான். அவர் புல்லை அகற்றியதும் அதை நிறுத்திவைத்திருந்த ஒரே தடையும் நீங்கியது. கத்தியைத் திருப்பியபோது அவர் தம் கையாலேயே என்ஜினைக் கிளப்பிவிட்டார்.

பொறியே இல்லாவிட்டாலும் இன்னோர் ஆபத்து உண்டு. பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே காற்று அழுந்துகிறது. உச்சியைத் தாண்டியதும் அழுந்திய காற்று வில்சுருள்போலப் பிஸ்டனைத் தள்ளும். கத்தி சட்டென்று துள்ளும். விரல் வெட்டுப்பட அந்தத் துள்ளலே போதும்.

எனவே பொன்னான விதி ஒன்றுதான். அடியில் கை போகும் முன் ஸ்பார்க் பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் ரப்பர் தொப்பியைக் கழற்றி, வயரைப் பிளக்கைத் தொடாதபடி விலக்கிவையுங்கள். வயர் கழன்றுவிட்டால் கத்தி எத்தனை முறை சுற்றினாலும் பொறி சிலிண்டருக்குள் போகாது. இதற்கு ஆகும் நேரம் ஐந்து விநாடி. அதன் பிறகும் அடைத்த புல்லைக் குச்சியால்தான் தள்ள வேண்டும், கையால் அல்ல.

மலையில் என்ஜினுக்கும் மூச்சு வாங்கும்

தாப்பாவிலிருந்து காரில் மேலே வரும்போது காது அடைக்கும். கீழே வாங்கிய உருளைக்கிழங்குச் சீவல் பொட்டலம் பிரிஞ்சாங் வருவதற்குள் பலூன்போல உப்பியிருக்கும். வெளியே காற்றழுத்தம் குறைந்ததால் உள்ளிருக்கும் காற்று விரிகிறது. கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் சுமார் 1,013 ஹெக்டோபாஸ்கல். கியா பார்ம்போல 1,500 மீட்டருக்கு மேலுள்ள இடத்தில் அது ஏறக்குறைய 845 அல்லது அதற்கும் கீழே. ஆறில் ஒரு பங்கு குறைவு. கடற்கரையில் ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம் என்றால் இங்கே சுமார் 1 கிராம்தான்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது கார்புரேட்டர். தாழ்நிலத்துக்கு அளந்து செய்யப்பட்ட கார்புரேட்டர் இங்கே காற்றுக்கு ஏற்றதைவிட அதிகமாகப் பெட்ரோலைவிடும். அந்தப் பெட்ரோல் முழுவதும் எரியாது, கறுப்புப் புகை வரும், பிளக்கில் கரி படியும், என்ஜின் திணறும். கலவை சரியாக இருந்தாலும் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் என்ஜினின் திறன் சுமார் 3 விழுக்காடு குறையும். ஈப்போவில் நன்றாக வெட்டிய இயந்திரம் இங்கே வந்து திணறினால் உடனே “மெஷின் கெட்டுப்போச்சு” என்று சொல்லாதீர்கள். உயரமான இடத்துக்கு ஏற்ற சிறிய ஜெட்டைக் கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார். அப்படி மாற்றிய இயந்திரத்தைத் திரும்பத் தாழ்நிலத்துக்குக் கொண்டுபோனால் பழைய ஜெட்டைப் போட வேண்டும். இல்லையென்றால் பெட்ரோல் போதாமல் என்ஜின் அளவுக்குமீறிச் சூடாகும்.

இதற்கும் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு? திறன் குறைந்த என்ஜின் ஈரப்புல்லில் அடிக்கடி அடைத்து நிற்கும். நிற்கும்போதெல்லாம் கை அடியில் போகத் துடிக்கும். ஆகவே மலையில் புல்லைக் காயவிட்டு வெட்டுங்கள். பனி நீங்கி வெயில் வரும்வரை காத்திருங்கள். உயரமாக வளர்ந்திருந்தால் கத்தியின் உயரத்தைக் கூட்டிவைத்து இரண்டு தடவையாக வெட்டுங்கள்.

சரிவும் நம் மலைக்கே உரிய ஆபத்து. தள்ளும் இயந்திரத்தைச் சரிவின் குறுக்கே ஓட்ட வேண்டும்; மேலும் கீழுமாக அல்ல. கீழ்நோக்கித் தள்ளும்போது சறுக்கினால் நீங்கள் இயந்திரத்தின் மேல் விழுவீர்கள். மேல்நோக்கித் தள்ளும்போது சறுக்கினால் இயந்திரம் உங்கள் மேல் வரும். குறுக்கே போகும்போது சறுக்கினால் நீங்கள் கத்தியை விட்டு விலகித்தான் விழுவீர்கள். 15 பாகைக்கு மேல் சரிவாக இருந்தால் இந்த இயந்திரமே வேண்டாம். தன்பக்கம் இழுத்தபடி பின்னால் நடப்பதும் கூடாது. தடுக்கி விழுந்தால் கால் நேராகக் கத்திக்குள் போகும்.

பெட்ரோலும் புகையும்

பெட்ரோலில் தீப்பற்றுவது திரவம் அல்ல, அதிலிருந்து எழும் ஆவி. பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் குளிரிலும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி எழும். மலைக் குளிர் நம்மைக் காப்பாற்றாது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. எனவே மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போய், தூரத்தில் இருக்கும் அடுப்பிலோ சிகரெட்டிலோ தீயைத் தேடிக்கொள்ளும். ஓடிய என்ஜினின் சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும். அணைத்து, 15 நிமிடமாவது ஆறவிட்டு, வெளியில் வைத்துத்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். தொட்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள். வெயிலில் பெட்ரோல் விரிவடைய இடம் வேண்டும். சிந்தினால் துடைத்து, உலர்ந்த பிறகு சற்றுத் தள்ளிக் கொண்டுபோய்க் கிளப்புங்கள். மீதப் பெட்ரோலைக் குடிநீர் போத்தலில் ஊற்றிவைக்கவே வேண்டாம்.

இன்னொன்றும் இங்கே முக்கியம். கேமரன் மலையில் மழை திடீரென்று வரும். என்ஜினை அணைக்காமலேயே பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறிக் கூடாரத்துக்குள்ளோ கொட்டகைக்குள்ளோ தள்ளிக்கொண்டு போய் ஒதுங்க நினைப்போம். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, மயக்கம். பிறகு நினைவே இருக்காது. கலவையில் பெட்ரோல் அதிகமான மலை என்ஜின் இந்த வாயுவைக் கூடுதலாகவே கக்கும். கூரைக்குக் கீழே என்ஜின் ஓடக் கூடாது. ஒதுங்கும் முன் அணைத்துவிடுங்கள்.

பராமரிப்பு: ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம்

எண்ணெய். நான்கு வீச்சு என்ஜினில் பெட்ரோல் வேறு, கறுப்பெண்ணெய் வேறு. சமதளத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் கிளப்பும் முன் அளவுக்குச்சியைப் பாருங்கள். புது என்ஜினுக்கு முதல் 5 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது வழக்கம். உங்கள் இயந்திரத்தின் கையேடு வேறு சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். நம் மலையின் ஓடைகள்தான் கீழே இருப்பவர்களின் ஆறுகள். கார் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

காற்று வடிகட்டி. ஏற்கெனவே மெல்லிய காற்று. அதையும் தூசி அடைத்தால் என்ஜின் என்ன செய்யும்? கடற்பஞ்சு போன்ற வடிகட்டியைச் சவர்க்காரம் கலந்த நீரில் கழுவி நன்றாகக் காயவைக்கலாம். தாள் வடிகட்டியைக் கழுவக் கூடாது. தட்டிச் சுத்தம் செய்து, மோசமானால் மாற்ற வேண்டும்.

பழைய பெட்ரோல். ஒரு மாதத்துக்கு மேல் தொட்டியில் கிடந்தால் பெட்ரோல் பிசின்போலாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். நீண்ட நாள் ஓட்டப்போவதில்லை என்றால் தொட்டியைக் காலியாக்கிவிடுங்கள்.

கத்தி. மழுங்கிய கத்தி புல்லை வெட்டாமல் கிழிக்கும்; நுனிகள் பழுப்பாகிப் புல் நோய்வாய்ப்படும். தீட்டும்போது இரு பக்கமும் சமமாகத் தீட்டுவது மிக முக்கியம். ஒரு பக்கம் 10 கிராம் எடை கூடிவிட்டால், கத்தி முழு வேகத்தில் சுழலும்போது தண்டை வெளிப்பக்கம் இழுக்கும் விசை ஏறக்குறைய 246 நியூட்டன். அதாவது ஒரு 25 கிலோ அரிசி மூட்டை தண்டில் தொங்கியபடி விநாடிக்கு 50 முறை சுற்றிச்சுற்றி இழுப்பதுபோல. இயந்திரம் நடுங்கும், திருகாணிகள் தளரும், கத்தியே கழன்று பறக்கலாம். சோதிக்க எளிய வழி உண்டு. கத்தியின் நடுத்துளையைச் சுவரிலுள்ள ஆணியில் மாட்டுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேயுங்கள். விரிசல் விட்ட, வளைந்த கத்தியைத் தட்டி நிமிர்த்தாதீர்கள், புதியது வாங்குங்கள். கத்தியைக் கழற்றி மாட்டுவது பெரியவர்களின் வேலை.

அடியைச் சுத்தம் செய்யச் சாய்க்கும்போது காற்று வடிகட்டி மேல்பக்கம் இருக்கும்படி சாய்க்க வேண்டும். தவறினால் எண்ணெய் வடிகட்டிக்குள் வடிந்துவிடும்.

யார் ஓட்டலாம்?

தள்ளும் இயந்திரத்தை ஓட்டக் குறைந்தது 12 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் பரிந்துரைக்கிறது. வயது வந்தால் மட்டும் போதாது. பெரியவர் ஒருவர் கூட நின்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கெட்டியான மூடிய காலணி, நீளக் காற்சட்டை, காதடைப்பான் ஆகியவை வேண்டும். இந்த என்ஜின்களின் ஒலி 90 டெசிபலைத் தொடக்கூடியது. எட்டு மணி நேர வேலைக்கே 85 டெசிபல்தான் எல்லை. ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டு புல் வெட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

விபத்து நடந்துவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் இறுக அழுத்திக் கையை உயர்த்திப் பிடித்து 999-ஐ அழையுங்கள். விரல் துண்டாகியிருந்தால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டிமேல் வையுங்கள். விரல் நேரடியாகப் பனிக்கட்டியைத் தொடக் கூடாது. இதை அன்று நாங்கள் யாரும் அறிந்திருக்கவில்லை.

வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்: அடியில் கை போகும் முன்

1. கைப்பிடிக் கம்பியை விட்டு என்ஜினை நிறுத்துங்கள்.
2. கத்தி முழுவதும் நிற்கும்வரை காத்திருங்கள். மெல்ல பத்துவரை எண்ணுங்கள்.
3. ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி விலக்கிவையுங்கள்.
4. என்ஜினை ஆறவிடுங்கள்.
5. வடிகட்டி மேல்பக்கம் வரும்படி சாயுங்கள்.
6. கெட்டிக் கையுறை அணிந்து, குச்சியால் புல்லை அகற்றுங்கள்.
7. வயரை மீண்டும் மாட்டும் முன் எல்லோரும் விலகிவிட்டார்களா என்று பாருங்கள்.

மாமா இப்போதும் புல் வெட்டுகிறார். கைப்பிடியில் கயிறு இல்லை. பிளக் வயரைக் கழற்றாமல் யாரையும் இயந்திரத்தின் பக்கத்தில் விடுவதில்லை. ஏன் என்று கேட்டால் கையைத் தூக்கிக் காட்டுவார். நீங்கள் ஏன் என்று கேட்கும் தம்பி தங்கையிடம் காந்தம், சுருள், ஒரே தண்டு என்று விளக்கிச் சொல்லுங்கள். இந்த வாரம் உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ இருக்கும் இயந்திரத்தைப் போய்ப் பாருங்கள். எதையும் தொட வேண்டாம். கைப்பிடிக் கம்பி கட்டப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கட்டியிருந்தால் அப்பாவிடமோ அண்ணனிடமோ ஏன் அவிழ்க்க வேண்டும் என்று விளக்கி, அவரையே அவிழ்க்கச் சொல்லுங்கள்.